மூன்று பக்கம் மகனுக்கு, இரண்டு வரி மகளுக்கு

வந்த கடிதம்

எழுதியிருப்பவர் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு தாய். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இப்போது சென்னைப் புறநகரில் குடியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. கணவருக்கு வளைகுடாவில் வேலை, வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வந்து போவார். மாமியார் கூடவே இருக்கிறார். மகன் பத்தாம் வகுப்பு, 15 வயது. மகள் நான்காம் வகுப்பு, 9 வயது. நான்கு தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மகன் 12 வயது வரை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு வருடா வருடம் பரிசு வாங்கியவன். 2021 மே மாதம் அவனுடைய தாய்மாமா கொரோனாவில் இறந்துபோனார். குடும்பமே ஏழு நாள் உபவாசம் இருந்து ஜெபித்தும் அவர் பிழைக்கவில்லை. இதைக் கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார். இப்போது மகன் ஆலயத்துக்கு வர மறுக்கிறான். போன மே மாதம் ஒரு சிறுவர் கூட்டத்தில் இரகசிய வருகையைப் பற்றி, அதாவது இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பதைப் பற்றி, படம் போட்டார்களாம். மகள் தேம்பி அழுது மனந்திரும்பினாள், மகன் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டான். இந்த வருடம் திடப்படுத்தல் (விசுவாசத்தைச் சபை முன் தானே அறிக்கை செய்யும் சடங்கு) வகுப்புக்குப் பெயர் கொடுக்கச் சொன்னதற்கு, "நம்பாததை நம்புறேன்னு எல்லார் முன்னாடியும் நின்னு சொல்ல மாட்டேன்" என்றிருக்கிறான்.

தாய் அவன் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கன்னத்தில் அறைந்தும்விட்டார். அன்றிலிருந்து குடும்ப ஜெபத்தில் வந்து உட்காருகிறான், வாயைத்தான் திறப்பதில்லை. "எல்லாம் உன் வளர்ப்பு" என்கிறார் மாமியார். பையனுக்குள் கலகத்தின் ஆவி இருக்கிறது, கோடை விடுமுறையில் பத்து நாள் தங்கும் விடுதலை முகாம் ஒன்றுக்கு அனுப்பு என்கிறார் ஓர் உறவினர்.

அவர் கேட்பது மூன்று. நான் எங்கே தவறினேன்? 18 வயது வரை பிள்ளையை ஆலயத்துக்குக் கூட்டிப்போக எனக்குச் சட்டப்படி உரிமை உண்டா? முகாமுக்கு அனுப்பலாமா?

கடைசியில் மகளைப் பற்றி இரண்டே வரி: "மகள் அப்படியில்லை, கர்த்தருக்குப் பயந்தவள், ராத்திரி மூன்று நான்கு தடவை தானாகவே எழுந்து ஜெபம் பண்ணுகிறாள். 'நான் பண்ணின பாவத்தையெல்லாம் இயேசப்பா மன்னிச்சிட்டாராம்மா' என்று என்னை எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான் தூங்குவாள்."

என் பதில்

அன்புச் சகோதரிக்கு,

மகனைப் பற்றி நீங்கள் எழுதிய மூன்று பக்கத்திலும், அந்த வயதுப் பையன்கள் இருக்கும் வீடுகளில் நான் கேட்காத எதுவும் இல்லை. அந்தக் கடைசி இரண்டு வரியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்கள் கவலைப்படும் பிள்ளை ஒன்று, நான் கவலைப்படும் பிள்ளை இன்னொன்று. அதனால் நீங்கள் கேட்காத கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் மகள்

ஒன்பது வயதுக் குழந்தை ராத்திரி நான்கு தடவை எழுந்து, மன்னிப்பு கிடைத்ததா என்று தினமும் அம்மாவை எழுப்பிக் கேட்டால், அதைப் பக்தி என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. குழந்தை பயந்திருக்கிறாள். மே மாதம் பார்த்த படத்தோடு அதற்குத் தொடர்பு இருக்கும் என்றும் நினைக்கிறேன்.

இந்தப் பயம் எனக்குத் தெரியும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் ஊர் கன்வென்ஷனில் ஒரு பிரசங்கியார் இரகசிய வருகையைப் பற்றிப் பேசினார். வயலில் இருவரில் ஒருவர் எடுத்துக்கொள்ளப்படுவார், ஒருவர் கைவிடப்படுவார் என்றெல்லாம். இரண்டு நாள் கழித்து மத்தியானத் தூக்கத்திலிருந்து விழிக்கிறேன், வீட்டில் ஒரு சத்தம் இல்லை. அடுப்பில் பால் இருக்கிறது, பின்வாசலில் அம்மாவின் செருப்பு இருக்கிறது, அம்மா இல்லை. பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவர்கள் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள், அவர் அங்கே இருந்ததில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை. ஒரே ஓட்டமாக ஆயர் வீட்டுக்கு ஓடினேன். ஆயர் அம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. இன்றைக்குச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அந்த ஓட்டம் என் காலில் இன்னும் இருக்கிறது.

பதினொரு பன்னிரண்டு வயது வரை பிள்ளைகள் கேட்டதைக் கேட்டபடியே எடுத்துக்கொள்வார்கள். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே இதை விரிவாக எழுதியிருக்கிறார். விசுவாசம் வயதோடு எப்படி வளர்கிறது என்பதைப் பற்றி 1981-ல் எழுதிய ஜேம்ஸ் ஃபௌலரும் பள்ளி வயதுக் குழந்தையின் கடவுள் ஏறக்குறைய மார்க் போடும் வாத்தியார் மாதிரி என்கிறார்: சரி செய்தால் பரிசு, தப்பு செய்தால் தண்டனை. "எந்த நேரத்திலும் வரலாம்" என்பது பெரியவர்கள் காதில் ஓர் உபதேசம். உங்கள் மகள் காதில் அது "இன்னைக்கு ராத்திரி". ஸ்கூலில் பென்சில் எடுத்த பாவத்தை அறிக்கை பண்ணாமல் தூங்கினால் காலையில் அம்மா இருக்க மாட்டாள். இப்படி ஒரு கணக்கு அந்தச் சின்னத் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கலாம்.

நீங்கள் ஒவ்வொரு தடவையும் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது: "மன்னிச்சிட்டார்டா தங்கம், தூங்கு." எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள். சிக்கல் என்னவென்றால், அந்தப் பதில் கொசுக்கடியைச் சொறிகிற மாதிரி. அந்த நேரத்துக்குச் சுகம், கொஞ்ச நேரத்தில் அரிப்பு இன்னும் கூடிவிடும். திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரே துறவியாக இருந்த காலத்தில் இப்படித்தான் அவதிப்பட்டார். மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்துவிட்டு, எதையாவது விட்டுவிட்டோமோ என்று மறுபடியும் போய் நிற்பாராம். அறிக்கை கேட்ட ஸ்டௌபிட்ஸ் ஒரு கட்டத்தில் அலுத்தே போய்விட்டார்.

அதனால் பகல் வெளிச்சத்தில், அவள் விளையாடிக்கொண்டிருக்கும்போது கேளுங்கள்: "ராத்திரி முழிப்பு வரும்போது மனசுல என்ன படம் ஓடுது?" சொல்லட்டும். குறுக்கே வசனம் சொல்லித் திருத்தாதீர்கள். முடித்ததும் ஒரே ஒரு தடவை, தெளிவாக, இயேசப்பா பிள்ளைகளைக் கிட்டே கூப்பிட்டு மடியில் வைத்தவர், அம்மாவை விட்டுப் பிரிக்கிறவர் இல்லை என்று சொல்லுங்கள். படுக்கும்போது ஒரே ஜெபம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அது நன்றி மட்டும் சொல்கிற நாலு வரி ஜெபமாக இருக்கட்டும், பாவக் கணக்கு வேண்டாம். அப்புறம் ராத்திரி எழுப்பிக் கேட்டால் கேள்விக்குப் பதில் சொல்லாமல், அணைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, "பயம் வந்திருக்கு, கொஞ்ச நேரத்துல போயிடும், அம்மா இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் சில நாள் அழுவாள், தாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வுநாள் பள்ளி டீச்சரிடமும் சொல்லிவையுங்கள்: இப்போதைக்கு நரகம், அந்திக்கிறிஸ்து, 666 எதுவும் இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால், அல்லது பகலிலும் ஜெபத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்வது, வயிற்றுவலி, படுக்கை நனைப்பது, ஸ்கூலுக்குப் போகப் பயப்படுவது என்று எதையாவது பார்த்தால் தள்ளிப்போடாதீர்கள், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஓசிடி என்று சொல்கிறார்களே, ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வருகிற மனநலச் சிக்கல், அது கை கழுவுவதில் மட்டுமல்ல, ஜெபத்திலும் வரும். உங்கள் மகளுக்கு அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. இருந்தால், நல்ல சிகிச்சை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு உண்டு. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். "ஜெபத்தால ஆகாததா" என்று யாராவது கேட்டால், ஜெபத்தோடு தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலேயே பல பத்தாண்டுகளாக மனநலத் துறை நடக்கிறது என்று சொல்லுங்கள்.

மகனின் சந்தேகத்துக்கு ஒரு தேதி இருக்கிறது

சரி, இப்போது மகன்.

வீடியோ கேமும் கூடாத சிநேகிதமும்தான் அவனைக் கெடுத்தன என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நீங்களே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போன 2021 மே மாதத்துக்குத் திரும்பிப் போங்கள். அவனுக்கு அப்போது 11 வயது. ஏழு நாள் மத்தியானச் சாப்பாடு சாப்பிடாமல் பெரியவர்களோடு சேர்ந்து உபவாசம் இருந்தான் என்கிறீர்கள். "மாமா கண்டிப்பா வீட்டுக்கு வந்துருவாங்க, இயேசப்பா நமக்குக் கொடுப்பார்" என்று நீங்கள் அவனிடம் சொல்லியிருக்கிறீர்கள். எட்டாம் நாள் போன் வந்தது. கொரோனா காலம், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. வந்தவர்கள் "தேவ சித்தம்" என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு வீட்டில் முடிந்துவிட்டது.

அவனுக்குள் முடிந்திருக்காது. அப்படிப்பட்ட நிலையில் ஒரு பிள்ளை மூன்றில் ஒரு முடிவுக்கு வரும். கடவுள் கேட்டும் கொடுக்கவில்லை; அல்லது கேட்க அங்கே யாரும் இல்லை; அல்லது நான் ஒழுங்காக ஜெபிக்கவில்லை, நடுவில் ஒரு நாள் பசி தாங்காமல் பிஸ்கட் சாப்பிட்டேன், அதனால்தான் மாமா செத்துப்போனார். பெரியவர்களுக்கு மூன்றாவது தோன்றவே தோன்றாது. பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் தோன்றும். அந்தப் பாரத்தோடு வாழ்வதைவிட, கேட்க யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்வது ஒரு பையனுக்கு எவ்வளவோ இலகு. உங்கள் மகன் இந்த வழியாகத்தான் போனான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்களும் அவனிடம் கேட்டதில்லை. நாலு வருடமாக யாருமே கேட்கவில்லை.

திடப்படுத்தல் பற்றி அவன் சொன்னதை அவமானமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பையன் மேல் மரியாதை வந்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அவனுக்காக வாக்குக் கொடுக்கிறார்கள். அந்த வாக்கை அவனே தன் வாயால், பேராயர் முன்னாலும் சபை முன்னாலும் ஏற்றுக்கொள்வதுதான் திடப்படுத்தல். வெள்ளைச் சட்டை தைத்து, போட்டோ எடுத்து, பிரியாணி போட்டு முடிக்கிற பல வீடுகளைவிட அவன் அதைப் பெரிதாக மதிக்கிறான். பொய்யாகச் சொல்ல மாட்டேன் என்கிறான். அதற்கு மேல் வயது வரம்பு கிடையாது. அடுத்த வருடமும் வகுப்பு நடக்கும், அவனுக்கு இருபது வயதாகும்போதும் நடக்கும். ஆயரிடம் நேரில் போய், "இந்த வருஷம் வேண்டாம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னதை மகனுக்கும் தெரியப்படுத்துங்கள்.

வசனம் தந்த வாக்குறுதியும் நாம் எடுத்துக்கொண்டதும்

"பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற வசனத்தை எழுதி, "நான் சரியாக நடத்தியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா" என்று கேட்கிறீர்கள். அது நீதிமொழிகளில் இருக்கிறது. நீதிமொழி என்பது பழமொழி மாதிரி, உலகம் பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்று சொல்வது. மிக்ஸி வாங்கினால் தருகிற கேரண்டி கார்டாக அதை எடுத்துக்கொண்டால் வேதாகமத்துக்குள்ளேயே இடிக்கும். தீர்க்கதரிசி சாமுவேலின் பிள்ளைகள் யோவேலும் அபியாவும் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள், தகப்பன் வழியில் நடக்கவில்லை. சாமுவேலின் வளர்ப்பு சரியில்லை என்று உங்கள் மாமியாரே சொல்ல மாட்டார்.

நம் வீடுகளில் வாசல் நிலைக்கு மேல் ஒரு பலகை இருக்கும்: "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்." உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அது யோசுவா 24-ஆம் அதிகாரம் 15-ஆம் வசனத்தின் கடைசித் துண்டு. அதற்கு முன்னால் இருக்கும் துண்டைப் பலகையில் யாரும் எழுதுவதில்லை. யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள் என்று யோசுவா ஜனங்களிடம் சொல்கிறார். தெரிந்துகொள்வது என்றால் நம் பழைய மொழிபெயர்ப்பில் தேர்ந்தெடுப்பது. வேறொன்றைத் தேர்ந்தெடுக்கவும் இடம் விட்டுவிட்டுத்தான் தன் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்.

பிள்ளையைப் பிரம்பால் கண்டிக்கச் சொல்லும் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். "உங்கள் பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயருக்குப் பவுல் எழுதியது மட்டும் ஏனோ மனப்பாட வசனப் போட்டியில் வந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் மோனிக்கா. அன்னையர் தினப் பிரசங்கத்தில் தவறாமல் வருவார்: இன்றைய அல்ஜீரியாவில் வாழ்ந்தவர், வழிதவறி, பின்னாளில் பெரிய இறையியலாளராக ஆன மகன் அகஸ்டினுக்காக வருடக்கணக்கில் கண்ணீரோடு ஜெபித்தவர். பிரசங்கத்தில் விட்டுப்போகிற பகுதி ஒன்று உண்டு. என் மகனிடம் பேசி அவனைத் திருத்துங்கள் என்று ஒரு பேராயரிடம் போய் மன்றாடுகிறார். அவர் மறுத்துவிடுகிறார். இப்போது சொன்னால் ஏறாது, அவனை அப்படியே விடுங்கள், ஜெபம் மட்டும் பண்ணுங்கள், படித்துப் படித்துத் தானே தெரிந்துகொள்வான் என்கிறார். மோனிக்கா விடவில்லை, அழுகிறார். இத்தனை கண்ணீருக்குரிய பிள்ளை கெட்டுப்போக மாட்டான், போய்வாருங்கள் என்று அவர் கொஞ்சம் அலுப்போடு சொல்லி அனுப்பியதைத்தான் இன்றுவரை மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம். இவ்வளவையும் எழுதிவைத்தது அந்த மகனேதான். 383-ல் தாயிடம் பொய் சொல்லிவிட்டு ரோமுக்குக் கப்பலேறினார். 387-ல் மிலானில் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு 32 வயது. உங்கள் மகனுக்கு 15.

சட்டமும் முகாமும்

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த அளவுக்குச் சொல்லலாம். பெற்றோர் தங்கள் பிள்ளையைத் தங்கள் மதத்தில் வளர்ப்பதை நம் நாட்டில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதே சமயம், 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, மனச்சாட்சிச் சுதந்திரம் குழந்தைக்கும் உண்டு என்கிறது. வழிகாட்டும் உரிமை பெற்றோருக்கு, ஆனால் பிள்ளையின் வளரும் பக்குவத்துக்கு ஏற்றபடி. ஒன்பது வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது என்பது அதன் பொருள். சட்டம் உங்கள் குடும்ப ஜெபத்துக்குள் வந்து உட்காராது. ஆனால் கேள்வியைச் சட்டத்திடம் கொண்டுபோகும் நிலைக்கு ஒரு தாய் வந்துவிட்டாளே என்பதுதான் எனக்கு வருத்தம். உரிமை இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தால் மட்டும் அவன் வாய் திறந்து பாடுவானா?

முகாம் வேண்டாம். இதை யோசித்துச் சொல்லவே தேவையில்லை. விருப்பமில்லாத 15 வயதுப் பையனைப் பத்து நாள் தெரியாதவர்களிடம் ஒப்படைத்து, உனக்குள் பிசாசின் கட்டு இருக்கிறது என்று தலையில் கைவைத்துக் கத்த வைத்தால், அவன் அடங்கி வருவான். திருந்தி வந்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் உங்களிடம் உண்மை பேசுவதை நிறுத்தியிருப்பான், அவ்வளவுதான். பையன் தானாக ஆசைப்பட்டுப் போகிற வாலிபர் முகாம் என்றால் அது வேறு கதை. அதற்கும்கூட ராத்திரி யார் பிள்ளைகளோடு தங்குகிறார்கள், நினைத்த நேரத்தில் பெற்றோருக்குப் போன் பண்ண முடியுமா, சாப்பாடு இல்லாமல் வைப்பார்களா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சங்கடமான கேள்வி என்று முகம் சுளிக்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள். பொறுப்பில் இருக்கும் குழந்தையை அடித்து வதைப்பது 2015-ஆம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். சபைக்குள் பேசி முடித்துக்கொள்ள அதில் இடமில்லை. ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

இனி வீட்டில்

முதலில் பீரோவைத் திறந்து போனைக் கொடுத்துவிடுங்கள். பரீட்சை நேரம், போனுக்கு ஒரு நேரக் கட்டுப்பாடு இருக்கட்டும். அதையும் ஆலயத்தையும் முடிச்சுப் போட வேண்டாம். அறைந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். "அம்மா அடிச்சது தப்பு" என்பதோடு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பின்னால் "ஆனா நீயும்..." என்று ஆரம்பித்தால் கேட்ட மன்னிப்பு கணக்கில் சேராது.

ஆலயத்துக்கு என்ன செய்வது? கட்டாயப்படுத்திக் கூட்டிப்போகலாம், இன்னும் இரண்டு மூன்று வருடம் உடம்பு வரும். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிற அன்று அதுவும் நின்றுவிடும். முழுதாக விட்டுவிடலாம், அப்படிச் செய்தால் அம்மா என்னைக் கைகழுவிவிட்டாள் என்றும் சில பையன்கள் எடுத்துக்கொள்வார்கள். நான் நடுவில் ஒரு வழி சொல்கிறேன். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, குடும்பத்தில் ஒரு கல்யாணம் கருமாதி என்றால் குடும்பமாக வருவது வீட்டு வழக்கம், அதில் அவனும் உண்டு. மற்ற ஞாயிறுகள் அவன் இஷ்டம். வராத ஞாயிற்றில் உங்கள் வரவுக்குச் சோறு வடித்து வைக்கட்டும். குடும்ப ஜெபம் பத்து நிமிடம், அவன் உட்காரலாம், ஜெபிக்கச் சொல்லி முறை வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன், உங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை எப்படி இருக்கிறது? எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஏழு மணிக்கே சத்தம் தொடங்கிவிடும். அயர்ன் பண்ணாத சட்டை, காணாமல் போன காணிக்கைக் கவர், "உங்களால இன்னைக்கும் முதல் பாட்டு போச்சு" என்று அம்மா. ஆலய வாசலில் இறங்கியதும் அதே அம்மா முகம் மாறி, "ஸ்தோத்திரம் அக்கா, சுகமா இருக்கீங்களா." பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். என் அம்மாவின் விசுவாசம் எனக்குள் ஏறியது அந்தக் காலைகளில் இல்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றை, யாரும் கேட்கவில்லை என்று நினைத்து, ராகம் தப்பி முணுமுணுப்பார். அப்போதுதான்.

கணவர் தூரத்தில் இருக்கிறார், என்ன செய்ய முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் வெர்ன் பெங்ட்சன் என்பவர் 1970-லிருந்து பல தலைமுறைக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து, பெற்றோரின் நம்பிக்கை பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வதில் வீட்டில் கிடைக்கும் பாசத்துக்கு, அதிலும் தகப்பனோடுள்ள நெருக்கத்துக்கு, பெரிய பங்கு உண்டு என்று சொன்னார். அது அவர்கள் ஊர்க் குடும்பங்கள்தான். இருந்தாலும் நம் வீடுகளில் நான் பார்ப்பதும் அதற்கு மாறாக இல்லை. இப்போது உங்கள் மகனுக்கு அப்பா என்றால் "இரு, அப்பாட்ட சொல்றேன்" என்று நீங்கள் காட்டும் போலீஸ்காரர். வாரத்தில் இரண்டு நாள் அப்பாவும் மகனும் தனியாகப் பேசட்டும், கிரிக்கெட்டோ, அவர் அறை நண்பர்கள் சமைக்கிற கதையோ. ஆலயம் பற்றி அவர் வாயே திறக்க வேண்டாம்.

மாமியாரைப் பற்றி ஒன்றுதான். தன் சீடன் தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளுக்குள் இருந்தது என்கிறார் பவுல். "அத்தை, உங்க கஷ்ட காலத்துல நீங்க எப்படி ஜெபிச்சீங்கன்னு அவனுக்குச் சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். குற்றம் சொல்கிற வாய்க்கு வேறு வேலை கிடைக்கும்.

கடைசியாக, உங்கள் அண்ணன். அவர் இறந்ததை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு அடுத்த வரியில் மகனின் போனுக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் அழுதீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. சாட்சி கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டீர்களோ என்னவோ. லாசரு இறந்து நாலு நாள் கழித்து இயேசு வந்து நின்றபோது, மார்த்தாள் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." அவளும் அண்ணன் தம்பியைப் பறிகொடுத்தவள்தான். அதற்காக அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை.

மகனிடம் பேச வேண்டும் என்றால் எதிரே உட்கார வைத்துப் பேசாதீர்கள். இந்த வயதுப் பையன்களுக்கு முகத்தைப் பார்த்துப் பேசுவது விசாரணை மாதிரி. தோசை ஊற்றும்போது, அவன் பக்கத்தில் தட்டோடு நிற்கும்போது, கல்லைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள்: "மாமா வந்துருவாங்கன்னு நான் உனக்கு வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது. அது என் கையில இல்ல. எனக்கும் அப்போ ஆண்டவர் மேல கோபம்தான், இன்னும் கொஞ்சம் இருக்கு. நீ ஒரு தப்பும் பண்ணல." பதில் வராது. தோசையைத் திருப்பிப் போடுங்கள். ஒரு வாரம் கழித்தோ ஒரு மாதம் கழித்தோ, மாமாவோடு பைக்கில் போனதைப் பற்றி அவனாக ஏதாவது ஆரம்பிப்பான். அப்போது அடுப்பை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.